சூரியனின் உட்சுழற்சி: விசை மிகச் சிறியது, மாதிரிகளை மட்டும் ஏன் இப்படிக் கவிழ்க்கிறது?

#1 · கதிரோட்டம்

வணக்கம். சூரிய மாதிரி கட்டுகிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் முட்டிக்கொள்ளும் இடம் இது என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

வழக்கமான சூரிய மாதிரியில் சுழற்சிக்கு இடமே இல்லை. வாயுக் கோளம், அணுக்கரு வினை, கதிர்வீச்சு, வெப்பச்சலனம், கனமான தனிமங்கள் மெல்ல உள்ளே படிதல், அவ்வளவுதான். நடுக்கோட்டில் மையவிலக்கு விசை ஈர்ப்பு விசையில் லட்சத்தில் இரண்டு பங்கு மட்டுமே. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும், சூரியனில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும் கிரெவெஸ்–சாவல் 1998 பட்டியலை எடுத்துக்கொண்டால் ஒலிவேகம் சராசரியாக 0.05 சதவீதத்துக்குள் பொருந்துகிறது.

இப்போது மெசா என்ற விண்மீன் பரிணாம நிரலில் சுழற்சியைச் சேர்த்து, துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையிலான மெரிடியனல் ஓட்டத்தையும், அடுக்குகளுக்கிடையே வேகம் மாறுவதால் எழும் நிலையின்மைகளையும் மட்டும் வைத்து 457 கோடி ஆண்டு ஓட்டினால், மேற்பரப்பு வேகம் சரியாக வருகிறது. மையம் மட்டும் அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. இவற்றின் வலுவைக் குறிக்கும் குணகங்களை ஏற்றினால் மையம் அடங்குகிறது, ஆனால் லித்தியம் மிச்சமில்லாமல் எரிந்துவிடுகிறது.

அளவீடு உண்மையில் எதுவரை உறுதி? எந்த எண்ணை எதற்கு எதிராக வைத்துப் பார்ப்பது? குணகங்களை இப்படித் திருகுவதில் அர்த்தம் உண்டா?

#2 · ஒலியலை

முதலில் அளவீட்டைப் பார்த்துவிடுவோம். சூரியன் முழுக்க ஓயாமல் ஒலியலைகளால் அதிர்கிறது, உள்ளே எவ்வளவு வேகம் என்பது அந்த அலைவுகளிலிருந்து கிடைப்பது. இந்த இழை முழுக்க சூரிய ஆரத்தை 1 என்று வைத்துக்கொள்கிறேன், 0.7 என்றால் மையத்திலிருந்து ஆரத்தின் பத்தில் ஏழு பங்கு தூரம்.

மேற்பரப்பில் நடுக்கோடு சுமார் 453 நானோஹெர்ட்ஸ், அதாவது 25 நாள் சொச்சத்துக்கு ஒரு சுற்று. துருவப் பக்கம் 330 நானோஹெர்ட்ஸ் அளவு, கிட்டத்தட்ட 35 நாள். மேலிருந்து உள்ளே போனால் வேகம் முதலில் கூடுகிறது, நடுக்கோட்டில் 0.95 ஆழத்தில் 470 வரை போகும். அதற்குக் கீழே வெப்பச்சலன மண்டலம் முழுக்க, நடுக்கோடு வேகம் துருவம் மெதுவு என்ற வேறுபாடு பெரிதாக மாறாமல் இறங்கிவருகிறது. 0.7-ஐ ஒட்டி ஒரு மெல்லிய அடுக்கில் அந்த வேறுபாடு சட்டென்று அழிகிறது. அதுதான் டேக்கோக்லைன், 1992-இல் ஸ்பீகலும் ஸானும் சூட்டிய பெயர். அதற்குக் கீழே கதிர்வீச்சு மண்டலம் எந்த அட்சத்தில் பார்த்தாலும் 430-ஐ ஒட்டி, ஏறக்குறைய 27 நாளுக்கு ஒரு சுற்று, திடப்பொருள் போலச் சுற்றுகிறது. 0.2 வரை இது உறுதி.

உங்கள் மாதிரி இடிபடுவது இந்தத் தட்டையான கோட்டில்தான். பிறந்த புதிதில் சூரியன் பல மடங்கு வேகமாகச் சுற்றியது. காந்தப்புலம் பிடித்திழுக்கும் சூரியக் காற்று மேற்பரப்பிலிருந்து கோண உந்தத்தைத் தொடர்ந்து உருவிக்கொண்டே வந்திருக்கிறது. விண்மீன்களின் வேகம் வயதின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது என்று ஸ்குமானிச் 1972-இல் காட்டினார். தடை விழுவது வெளியே. மெதுவாகியிருப்பதோ மையம் வரைக்கும். அந்தச் செய்தியை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது எது என்பதுதான் கேள்வி. ஒலிவேகத்தை மட்டும் பொருத்திவிட்டு மாதிரி சரி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒலிவேகம் இன்றைய நிலையைச் சொல்கிறது. சுழற்சி, அந்த நிலைக்கு வந்த வழியைச் சொல்கிறது.

#3 · மெய்க்கணக்கு

கதிரோட்டம், மெரிடியனல் ஓட்டம் ஏன் போதாது என்பதற்கு நிரலே தேவையில்லை, கைக்கணக்கே போதும். அந்த ஓட்டம் ஒரு சுற்று முடிக்க எடுக்கும் காலம், சூரியன் தன் வெப்பத்தைக் கொட்டித்தீர்க்கும் காலத்தை (சுமார் 3 கோடி ஆண்டு) நீங்கள் சொன்ன லட்சத்தில் இரண்டால் வகுத்தால் வருவது: 1.5 லட்சம் கோடி ஆண்டு. சூரியனின் வயதோ 457 கோடி. இளமையில் பத்து மடங்கு வேகம் இருந்தது என்றாலும் விகிதம் நூறு மடங்குதான் மாறும். 1500 கோடி ஆண்டு. அப்போதும் எட்டாது.

வாயுவின் சொந்தப் பாகுநிலையைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். அதற்கு இதைவிடவும் அதிகக் காலம் பிடிக்கும்.

#4 · வடமீன்

நல்ல இழை. ஒரு சந்தேகம்: சூரியனின் தட்டைத்தன்மையை அளந்து உட்சுழற்சியைப் பிடிக்க முடியாதா? மையம் வேகமாகச் சுற்றினால் நடுக்கோடு கூடுதலாகப் பிதுங்க வேண்டுமே.

#5 · ஒலியலை

அந்த வழியில்தான் இந்தத் துறையின் முதல் பெரிய சர்ச்சையே வந்தது, வடமீன். 1967-இல் டிக்கியும் கோல்டன்பர்க்கும் சூரியன் லட்சத்தில் 5 பங்கு தட்டையாக இருப்பதாக அளந்து சொன்னார்கள். மேற்பரப்பு வேகத்தை மட்டும் வைத்தால் லட்சத்தில் ஒன்றை ஒட்டித்தான் வர வேண்டும். மிச்சத்துக்கு வேகமாகச் சுற்றும் மையம் காரணம் என்றால், புதனின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை நகர்வதில் ஏறக்குறைய 8 சதவீதம் சூரியனின் வடிவத்துக்குப் போய்விடும். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் தரும் பொருத்தம் உடையும். அதனால்தான் அத்தனை பரபரப்பு.

அந்தத் தட்டைத்தன்மை பின்னால் வந்த அளவீடுகளில் நிற்கவில்லை. அலைவுகளிலிருந்து கணக்கிட்ட ஈர்ப்பு நாற்முனைக் குணகம் (தட்டை வடிவத்தால் ஈர்ப்பு எவ்வளவு மாறுகிறது என்ற எண்) கோடியில் 2.2 பங்குதான். புதன் விஷயத்தில் அதன் பங்கு ஒரு விகலையில் நூற்றில் சில.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: முடியாது. 0.2-க்குள் சூரிய நிறையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் அச்சுக்கு அருகே கிடப்பதால் நிலைமத் திருப்புத்திறனில் அதன் பங்கு சில சதவீதம்தான். மையம் நாலு மடங்கு வேகத்தில் சுற்றினாலும் மொத்தக் கோண உந்தமோ வெளி வடிவமோ பெரிதாக அசையாது. மையத்தைப் பிடிக்க மையம் வழியாகப் போய்வரும் அலைதான் வேண்டும்.

#6 · நுண்பிளவு

அலை என்றதும் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பலர் ஏதோ மையத்தின் வேகத்தை நேரே படம் பிடித்தது போலப் பேசுகிறார்கள். நாம் அளப்பது அதிர்வெண் பிளவை மட்டும்தான்.

ஒவ்வொரு அலைவுக்கும் மூன்று எண்கள் உண்டு: ஆரத் திசையில் எத்தனை கணு (என்), மேற்பரப்பில் எத்தனை (எல்), அவற்றில் தீர்க்கரேகை வழியே எத்தனை (எம்). சூரியன் சுற்றவில்லை என்றால் ஒரே என்-எல் கொண்ட எல்லா எம்-மும் ஒரே அதிர்வெண்ணில் விழும். சுற்றுவதால், சுழற்சித் திசையில் ஓடும் அலை கொஞ்சம் உயர்ந்தும் எதிர்த்திசையில் ஓடுவது கொஞ்சம் தாழ்ந்தும் தெரியும். எம் ஒன்றுக்கு ஏறக்குறைய 0.4 மைக்ரோஹெர்ட்ஸ் விலகல்.

எந்த அலை எவ்வளவு ஆழம் போகிறது என்பதை எல் தீர்மானிக்கிறது. 3 மில்லிஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொண்டால், எல் 40 உள்ளது 0.7-ஐ ஒட்டித் திரும்பிவிடும். எல் 20 சுமார் 0.45 வரை இறங்கும். எல் 1 மட்டும் 0.05 வரை எட்டிப்பார்க்கும். ஆகவே எல் 40-க்கும் எல் 20-க்கும் பிளவில் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு ஆழங்களுக்கு இடையிலான சுழற்சியைச் சொல்லும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து அவிழ்ப்பதே நேர்மாற்றுக் கணக்கு.

கைதவறும் இடங்கள் பல உண்டு. அடிக்கடி வருவதை முதலில் சொல்கிறேன். பூமி சூரியனைச் சுற்றுவதால் நாம் பார்ப்பது சார்பு வேகம். எம் ஒன்றுக்கு 31.7 நானோஹெர்ட்ஸ் கூட்டியாக வேண்டும். உங்கள் கதிர்வீச்சு மண்டலம் 430-க்குப் பதில் 400-ஐ ஒட்டி வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள், இதை மறந்திருப்பீர்கள்.

அடுத்தது கோட்டகலம். 3 மில்லிஹெர்ட்ஸ் பக்கம் ஒவ்வொரு சிகரமும் சுமார் 1 மைக்ரோஹெர்ட்ஸ் அகலம். எல் 1-க்கு எம் +1, எம் −1 இரண்டும்தான் தெரியும். நாம் நடுக்கோட்டுத் தளத்தை ஒட்டி நின்று பார்ப்பதால் எம் 0 அழிந்துபோகிறது. அந்த இரண்டுக்கும் இடைவெளி 0.8 மைக்ரோஹெர்ட்ஸ். அகலம் 1, இடைவெளி 0.8: இரண்டு சிகரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே மேடாக நிற்கும். பொருத்தும் நிரல் அகலத்தைப் பிளவாகவும் பிளவை அகலமாகவும் மாற்றி எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் பிளவு கூடுதலாகக் கிடைக்கும். மையம் வேகமாகச் சுற்றுகிறது என்று மயங்கிவிடுவோம். 2.2 மில்லிஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் அலைவுகள் நெடுநாள் வாழ்கின்றன, சிகரம் ஊசி போல மெலிகிறது, இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. ஆனால் அங்கே வீச்சு மிகச் சிறிது, பின்னணி இரைச்சல் விழுங்கிவிடும். மையத்துக்கான நல்ல தரவு என்பது இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கும் குறுகிய சந்து.

மூன்றாவது, தரவில் இடைவெளி. ஒரே நிலையத்திலிருந்து பார்த்தால் இரவு விழும். ஒவ்வொரு சிகரத்துக்கும் இருபுறமும் 11.57 மைக்ரோஹெர்ட்ஸ் தள்ளிப் போலிச் சிகரம் முளைக்கும். எல் 0-க்கும் எல் 2-க்கும் இடைவெளி 9 முதல் 10 மைக்ரோஹெர்ட்ஸ் என்பதால் ஒன்றின் போலி இன்னொன்றின் மேலேயே போய் உட்காரும். அதற்காகத்தான் 1995-இல் உலகைச் சுற்றி ஆறு நிலையங்களோடு காங் வலையமைப்பு வந்தது. 1996-லிருந்து சோஹோவின் எம்.டி.ஐ., 2010-லிருந்து எஸ்.டி.ஓ.வின் எச்.எம்.ஐ. என்று விண்கலங்களும் சேர்ந்தன.

#7 · கதிரோட்டம்

நன்றி நுண்பிளவு, அந்த 0.8-க்கு 1 கணக்கு கண்ணைத் திறந்தது. அப்படியானால் 2017-இல் வந்த, மையம் 3.8 மடங்கு வேகம் என்ற முடிவை எப்படி எடுத்துக்கொள்வது? அதில் ஒலியலைகளை நேரே பயன்படுத்தவில்லையே.

#8 · நுண்பிளவு

ஃபோசாவும் குழுவினரும் சோஹோவின் கோல்ஃப் கருவியின் பதினாறரை ஆண்டுத் தரவில் உள் ஈர்ப்பு அலைவுகளைத் தேடினார்கள். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இது கருந்துளை மோதலில் வரும் ஈர்ப்பலை அல்ல. கடலுக்குள் அடுக்குகளுக்கு இடையே எழும் அலையைப் போல, மிதப்பு விசையால் ஆடுவது.) இவை கதிர்வீச்சு மண்டலத்துக்குள் அடைபட்டுக் கிடப்பவை, மேற்பரப்புக்கு வரும்போது வீச்சு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஆகவே அவர்கள் நேரே தேடாமல், ஒலியலை ஒன்று சூரியனைக் கடந்து திரும்பும் நேரம் மெல்ல ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார்கள். அதில் கிடைத்த பிளவிலிருந்து மையத்துக்கு 1644 நானோஹெர்ட்ஸ் என்றார்கள்.

2018-இல் ஷுங்கரும் குழுவினரும் அதே தரவை எடுத்து, தொடக்க நேரத்தைச் சற்றே நகர்த்தினாலோ மென்மையாக்கும் அளவை மாற்றினாலோ அந்த அடையாளம் கரைந்துபோவதைக் காட்டினார்கள். 2019-இல் அப்பூர்ஷோவும் கோர்பாரும் செய்த மறுஆய்விலும் அது நிற்கவில்லை. என் தீர்ப்பு: அந்த எண்ணை மாதிரிக்கான இலக்காக வைக்கக்கூடாது.

#9 · மெய்க்கணக்கு

ஒலியலைப் பிளவை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒலி மையத்திலிருந்து மேற்பரப்பு வரை வர ஏறக்குறைய 3700 நொடி. 0.2-க்குள் ஒலிவேகம் நொடிக்கு 500 கி.மீ. அளவு என்பதால் அந்தப் பகுதியைக் கடக்க 280 நொடி. ஆக, எல் 1 அலையின் பிளவில் 0.2-க்குள் இருக்கும் பகுதிக்குத் தோராயமாக 7 சதவீதப் பங்கு. கெர்னலை (எந்த ஆழம் பிளவுக்கு எவ்வளவு பங்களிக்கிறது என்ற எடையை) முறையாகத் தொகைப்படுத்தினால் எண் கொஞ்சம் மாறும். அளவு புரிய இது போதும்.

அந்தப் பகுதி முழுக்க 430-க்குப் பதில் 1644-இல் சுற்றினால் பிளவு 85 நானோஹெர்ட்ஸ் அளவு கூட வேண்டும். ஒரு சிகரத்தை எவ்வளவு நுட்பமாக அளக்க முடியும்? லிப்ரெக்ட் 1992-இல் தந்த வாய்ப்பாட்டின் அடிப்படைப் பகுதி: கோட்டகலத்தை, 4 பை பெருக்கல் பார்வைக் காலத்தால் வகுத்து, வர்க்கமூலம். 1 மைக்ரோஹெர்ட்ஸ் அகலம், ஓராண்டுத் தரவு என்றால் 50 நானோஹெர்ட்ஸ் பிழை. பத்தாண்டு என்றால் 16. அதுவும் ஒற்றை அலைவுக்கு. பல அலைவுகளைச் சேர்த்தால் இன்னும் குறையும். ஆக 0.2 அளவுக்குப் பெரிய வேக மையம் ஒளிந்திருக்க முடியாது. 0.1-க்குள் அடங்கிய சிறு மையம் என்றால் பங்கு ஓரிரு சதவீதமாகச் சுருங்கும், பிளவில் இருபதை ஒட்டிய மாற்றம்தான், அதை ஒலியலையால் உறுதியாக மறுப்பது கடினம். 0.2 வரை உறுதி என்று ஒலியலை மேலே சொன்னதன் உள்ளர்த்தம் இதுதான்.

#10 · வடமீன்

டேக்கோக்லைன் மெல்லியது என்கிறோம். எவ்வளவு மெல்லியது? படங்களில் பார்த்தால் அப்படி ஒன்றும் மெல்லியதாகத் தெரிவதில்லை.

#11 · நுண்பிளவு

படத்தில் தெரியும் அகலத்தை நம்பாதீர்கள். நேர்மாற்றுக் கணக்கு எந்தப் புள்ளியிலும் உண்மையான வேகத்தைத் தருவதில்லை, அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் சராசரியைத் தருகிறது. 0.7 பக்கம் அந்தச் சராசரிச் சாளரத்தின் அகலமே டேக்கோக்லைனின் அகலத்தோடு போட்டியிடும் அளவு. படிக்கட்டாக இருந்தாலும் சரிவாகத்தான் வரையப்படும். ஆகவே தடிமனை அறிய வேறு வழி: மென்மையான படிக்கட்டு வடிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு, இடம், அகலம், உயரம் மூன்றையும் மாற்றிமாற்றி அது தரும் பிளவைக் கணக்கிட்டு நேரே அளவீட்டோடு பொருத்துவது. அப்படிச் செய்த ஷார்பனோவும் குழுவினரும் 1999-இல் நடுக்கோட்டில் மையம் 0.693 என்றும் தடிமன் 0.04-ஐ ஒட்டி என்றும் கண்டார்கள். வெப்பச்சலன மண்டலத்தின் அடித்தளம் 0.713. எனவே நடுக்கோட்டில் டேக்கோக்லைன் பெரும்பாலும் அடித்தளத்துக்குக் கீழே கிடக்கிறது. உயர் அட்சங்களில் மேலேறி அடித்தளத்தை ஒட்டுகிறது.

நேர்மாற்றுக் கணக்கில் இரைச்சலை அடக்கப் போடும் சமனாக்கும் அளவுரு பற்றியும் ஒரு சொல். குறைத்தால் இரைச்சல் அலை அலையாகப் பெருகி இல்லாத அடுக்குகளைக் காட்டும். கூட்டினால் உண்மையான அடுக்குகளும் வழுவழுப்பாகும். நேர்மாற்றுக்கு வழக்கமான குறைந்தபட்ச வர்க்க முறை, சோலா முறை இரண்டிலும் செய்துபார்த்து இரண்டிலும் நிற்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்த முழுக்கோள அலைவுகளுக்கு வடக்கு தெற்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு அரைக்கோளங்களின் சராசரிதான் கிடைக்கும்.

#12 · ஒலியலை

அந்த மெல்லிய அடுக்கு ஏன் இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான கேள்வி. மேலே வெப்பச்சலன மண்டலம் அட்சத்துக்கு அட்சம் வேறு வேகத்தில் சுற்றித் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. வெப்பம் பரவும் வழியாகவே அந்த வேறுபாடு கீழே கசியும். கசிய விட்டிருந்தால் இன்றைக்கு 0.3 வரை இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. யாரோ தடுத்து நிறுத்துகிறார்கள்.

ஸ்பீகலும் ஸானும் சொன்ன விடை: அடுக்குகள் மேலும் கீழும் கலக்காமல் கிடைமட்டமாகக் கொந்தளித்தால், அந்தக் கொந்தளிப்பு அட்ச வேறுபாட்டை அழித்துவிடும். 1998-இல் கஃப், மெக்கின்டயர் இருவரும் இதை மறுத்தார்கள். பூமியின் மேல்வளிமண்டலத்தில் கிடைமட்டக் கொந்தளிப்பு வேறுபாட்டை அழிப்பதற்குப் பதில் கூட்டுகிறது என்பது அவர்கள் வாதம். கதிர்வீச்சு மண்டலத்துக்குள் சூரியன் பிறந்தபோதே சிறைப்பட்ட ஒரு காந்தப்புலம் இருந்தால், அதன் கோடுகள் வாயுவைக் கம்பி கட்டியது போல இறுக்கி உள்ளே எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும், கசிவையும் தடுக்கும் என்றார்கள். எனக்கு இந்த வாதமே வலுவாகப் படுகிறது. ஆனால் அந்தப் புலம் வெப்பச்சலன மண்டலத்துக்குள் நீண்டுவிட்டால் மேலேயுள்ள வேறுபாட்டையே உள்ளே இழுத்துவந்துவிடும். அதைக் கீழேயே அடைத்துவைப்பது முப்பரிமாணக் கணிப்புகளில் லேசில் நடப்பதில்லை.

#13 · மெய்க்கணக்கு

உள் ஈர்ப்பு அலைகளை மறந்துவிட்டீர்களே. வெப்பச்சலன மண்டலத்தின் அடியில் வாயு இடிக்க இடிக்க அலைகள் கீழே கிளம்பி, போகிற வழியில் கரைந்து கோண உந்தத்தைக் கொட்டுகின்றன. ஷார்பொனெல், தாலோன் 2005-இல் இந்த அலைகளைச் சேர்த்து, தட்டையான சுழற்சி, லித்தியம் இரண்டையும் ஒரே மாதிரியில் கொண்டுவந்தார்கள்.

#14 · ஒலியலை

மறக்கவில்லை. அலைகள் இருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அலை பரவல் போன்றது அல்ல. தான் ஓடும் திசையில் ஏற்கெனவே வேகமாக இருக்கும் அடுக்கில் சீக்கிரம் கரைந்து அதை இன்னும் வேகமாக்கும். இருக்கும் ஏற்றத்தாழ்வைக் கூட்டுவதே அதன் இயல்பு. அலையை மட்டும் வைத்தால் தட்டைக் கோடு வராது, மேடுபள்ளமாக வரும். வேறொன்று அதைத் தேய்த்துச் சமனாக்க வேண்டும், அந்த வேறொன்றையே முதன்மைக் காரணமாகச் சொல்லிவிட்டுப் போகலாமே.

#15 · மெய்க்கணக்கு

ஏற்கிறேன், தனித்து நிற்காது. ஆனால் டெய்லர்–ஸ்ப்ரூட் காந்த நிலையின்மையையும் (அடுக்குகளின் வேக வேறுபாடு முறுக்கும் காந்தப்புலம் நிலைகுலைந்து உந்தத்தைக் கடத்துவது) அப்படியே நம்ப முடியவில்லை. சூரியனுக்கு அது தட்டைக் கோட்டைத் தருகிறது. எக்கன்பெர்கர், மேடர், மேனே 2005-இல் காட்டினார்கள். அதே வாய்ப்பாட்டைச் செம்பூத விண்மீன்களுக்கு (முதுமையில் ஊதிப் பெருத்தவை) போட்டால், கெப்ளர் தொலைநோக்கி கண்ட மையங்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வேகமான மையங்கள் கிடைக்கின்றன. ஒரே இயற்பியல் ஒரு விண்மீனில் சரி, இன்னொன்றில் பத்து மடங்கு பிழை என்றால் வாய்ப்பாட்டில் ஏதோ குறை இருக்கிறது. ஃபுல்லரும் குழுவினரும் 2019-இல் அதைத் திருத்தி எழுதியது இதனால்தான்.

#16 · கதிரோட்டம்

இரண்டு பேருக்கும் நன்றி. என் நடைமுறைச் சிக்கலுக்கு வருகிறேன். லித்தியத்தை எரிக்காமல் மையத்தை எப்படி அடக்குவது?

#17 · மெய்க்கணக்கு

உங்கள் ஓட்டத்தில் கோண உந்தத்தைக் கடத்தும் குணகமும் தனிமங்களைக் கலக்கும் குணகமும் ஒன்றாகவே கட்டப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்றை ஏற்றினால் இன்னொன்றும் ஏறுகிறது. சூரியன் சொல்வது இரண்டும் வேறு என்று.

லித்தியத்தைப் பாருங்கள். விண்கற்களோடு ஒப்பிட்டால் சூரிய மேற்பரப்பில் அது ஏறக்குறைய 150-இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. லித்தியம் எரியும் வெப்பநிலை 25 லட்சம் கெல்வின். வெப்பச்சலன மண்டலத்தின் அடியில் 22 முதல் 23 லட்சம்தான். ஆகவே அடித்தளத்துக்குச் சற்றுக் கீழேயும் கலப்பு நடந்திருக்கிறது. ஆனால் 35 லட்சம் கெல்வினில் எரியும் பெரிலியம் லித்தியத்தோடு ஒப்பிட்டால் அதிகம் குறையவில்லை. கலப்பு ஆழமாகப் போகவில்லை என்று பொருள். கோண உந்தமோ 0.2 வரைக்கும் சமனாகியிருக்கிறது. உந்தத்தை நெடுந்தூரம் கடத்தி, பொருளைக் கொஞ்சமே நகர்த்தும் ஒன்று வேண்டும். காந்தப்புலத்துக்கு அது இயல்பாக வருகிறது: கோடுகள் இழுவிசையால் உந்தத்தைக் கடத்தும், வாயு இருந்த இடத்திலேயே இருக்கும்.

வரிசையாகச் செய்ய வேண்டியது இது. முதலில் சுழற்சி இல்லாமல் மாதிரியைச் சூரியனுக்குப் பொருத்துங்கள். மாற்ற வேண்டியவை மூன்று: கலப்பு நீளம் (வெப்பச்சலனத்தில் வாயுக் குமிழி கலந்துபோகும் முன் நகரும் தூரம்), தொடக்க ஹீலியம், தொடக்க உலோக அளவு. இலக்குகள் மூன்று: ஆரம், ஒளிர்வு, மேற்பரப்பில் உலோகத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். ஆரமும் ஒளிர்வும் லட்சத்தில் ஒன்று அளவுக்காவது நிற்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் பார்க்கும் ஒலிவேக வித்தியாசம் இயற்பியலா, பொருத்தப் பிழையா என்று சொல்ல முடியாது.

பிறகு சுழற்சி. முதல் சில பத்து லட்சம் ஆண்டுகள் மேற்பரப்பு வேகத்தை மாறாமல் வையுங்கள். அந்தக் காலத்தில் சுற்றியுள்ள வட்டு விண்மீனைப் பிடித்துவைத்திருக்கும். அதன்பின் காற்றின் தடை: வேகத்தின் மூன்றாம் படிக்கு விகிதமாக, ஒரு வேகத்துக்கு மேல் தெவிட்டும் வகையில். தடையின் மாறிலியை இன்றைய மேற்பரப்பு வேகம் வரும்வரை திருத்துங்கள். முடிந்ததும் மொத்தக் கோண உந்தத்தை எடுத்துப் பாருங்கள். அலைவுகளிலிருந்து பைப்பர்ஸ் 1998-இல் கணித்தது 1.9 பெருக்கல் 10-இன் 41-ஆம் படி, நொடிக்குக் கிலோகிராம்–மீட்டர் வர்க்கம் என்ற அலகில். நிலைமத் திருப்புத்திறனை நிறை பெருக்கல் ஆரத்தின் வர்க்கத்தில் 0.07 பங்கு என்று வைத்து, 433 நானோஹெர்ட்ஸுக்கான கோண வேகத்தால் (2 பை பெருக்கல் அதிர்வெண்) பெருக்கினாலே 1.83 வந்துவிடும். உங்களுக்கு 3-ஐத் தாண்டினால் உள்ளே தடை எட்டவில்லை.

மூன்றாவது, பலர் விட்டுவிடுவது: முதலில் பொருத்திய மூன்றையும் மறுபடி பொருத்த வேண்டும். கலப்பு வந்ததும் ஹீலியம் படிவது குறையும், ஒளிர்வு நகரும்.

#18 · நுண்பிளவு

இதோடு இரண்டு எண்மக் கோளாறுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 0.65 முதல் 0.72 வரை வலைப்பின்னல் அடர்த்தியாக இல்லையென்றால், தனிமச் சரிவு ஒவ்வொரு முறை வலை மாறும்போதும் கொஞ்சம் கரையும். இயற்பியலே இல்லாத கலப்பு அது. லித்தியத்தை அதுவும் எரிக்கும். காந்த நிலையின்மைக்கு ஒரு வாசல் நிபந்தனை உண்டு. காலப்படி பெரிதாக இருந்தால் ஒரு படியில் திறந்து அடுத்த படியில் மூடி, வேகக் கோடு ரம்பப் பல் போல ஆகிவிடும். வலையை இரட்டிப்பாக்கி, காலப்படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். லித்தியம் கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் முந்தைய முடிவைத் தூக்கிப் போடுங்கள்.

மெசாவில் மெரிடியனல் ஓட்டத்தையும் பரவலாகவே எழுதியிருக்கிறார்கள். உண்மையில் ஓட்டம் உந்தத்தைச் சரிவுக்கு எதிராகவும் கொண்டுபோகும். பரவலால் அது முடியவே முடியாது. சூரியனில் காந்த விசை மேலோங்கினால் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மெரிடியனல் ஓட்டம் மட்டும் உள்ள மாதிரியில் திசையே மாறிப்போகலாம்.

வேகக் கோட்டை அளவீட்டின் கோட்டோடு ஒப்பிட வேண்டாம். மாதிரியின் வேகத்தைக் கெர்னல்களால் பெருக்கிப் பிளவுகளாக மாற்றி, பிளவைப் பிளவோடு ஒப்பிடுங்கள். சாளர அகலம் என்ற தொல்லையே அப்போது இராது.

#19 · வடமீன்

வெப்பச்சலன மண்டலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே மாதிரிகளுக்கு என்ன சிக்கல்?

#20 · ஒலியலை

அதற்குத் தனி இழையே போதாது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1980-களின் தொடக்கத்தில் கில்மன், கிளாட்ஸ்மாயர் செய்த கணிப்புகளில் வேகம் அச்சுக்கு இணையான உருளைகளில் மாறாமல் இருந்தது; சுழலும் திரவம் இயல்பாக அப்படித்தான் நடந்துகொள்ளும். அளவீடு வந்தபோது உருளை இல்லை. சம வேகக் கோடுகள் அச்சுக்கு 25 பாகை சாய்ந்து கூம்பு போலக் கிடந்தன. துருவம் நடுக்கோட்டைவிடச் சுமார் 10 கெல்வின் சூடாக இருந்தால் அந்தச் சாய்வு வரும் என்று ரெம்பல் 2005-லும், மீஷ் குழுவினர் 2006-லும் காட்டினார்கள். 20 லட்சம் கெல்வின் உள்ள இடத்தில் வெறும் 10 கெல்வின்! நேரே அளக்கவே முடியாத அந்த வித்தியாசத்தைச் சுழற்சியின் வடிவம் காட்டிக்கொடுக்கிறது.

அதைவிடப் பெரிய தலைவலி, கணிப்புகளில் வாயு அளவுக்கு மீறி வேகமாகக் கொந்தளிப்பது. 2012-இல் ஹனசோகே, டுவால், சீனிவாசன் மூவரும் அளந்த வரம்பு கணிப்புகளைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தது. கொந்தளிப்பு கூடினால் சுழற்சியின் பிடி தளர்ந்து துருவம் வேகமாகவும் நடுக்கோடு மெதுவாகவும், தலைகீழாகச் சுற்ற ஆரம்பிக்கும். 2021-இல் ஹொட்டா, குசானோ இருவரும் ஃபுகாக்கு மீக்கணினியில் மிக நுண்ணிய வலையில் ஓட்டியபோது, செயற்கைத் திருத்தம் எதுவுமில்லாமல் நடுக்கோடு வேகமாக வந்தது. சிறிய அளவில் வலுப்பெறும் காந்தப்புலம்தான் அங்கே வேலை செய்தது. இங்கேயும் காந்தம்.

#21 · கதிரோட்டம்

குணகங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தது உண்மைதான். பிரித்துவிட்டேன். தனிமக் கலப்புக்கு, உந்தக் குணகத்தில் முப்பதில் ஒரு பங்கு என்ற வழக்கமான 1/30 காரணியை வைத்து, காந்த நிலையின்மையை உந்தத்துக்கு மட்டும் திறந்தால் 0.2 வரை கோடு தட்டையாகிறது, லித்தியமும் பிழைக்கிறது. ஆனால் வெப்பச்சலன அடித்தளம் வெளியே நகர்ந்துவிட்டது. இது கோளாறா?

#22 · மெய்க்கணக்கு

கோளாறு இல்லை, எதிர்பார்த்ததுதான். கலப்பு இல்லாத மாதிரியில் கனமான தனிமங்கள் படிந்து அடித்தளத்துக்குக் கீழே குவிகின்றன. அங்கே ஒளிபுகாமை கூடி, அடித்தளம் ஆழமாகிறது. கலப்பு அந்தக் குவியலைக் கரைக்கிறது. ஒளிபுகாமை குறைந்து அடித்தளம் மேலேறுகிறது. அதே கலப்பு மேற்பரப்பு ஹீலியத்தை உயர்த்தும். நிறைப் பங்காகச் சொன்னால் அளவீடு 0.2485, ஆஸ்ப்ளண்ட் 2009 தனிமப் பட்டியலோடு கலப்பில்லாத மாதிரி 0.232-ஐ ஒட்டித்தான் தரும், அடித்தளமும் 0.722-இல் நிற்கும். ஹீலியத்தில் கிடைத்த ஆதாயத்துக்கு அடித்தளத்தில் விலை கொடுக்கிறீர்கள். எக்கன்பெர்கர் குழுவினர் 2022-இல் சுழற்சி, லித்தியம், ஹீலியம் மூன்றையும் ஒன்றாகப் பொருத்தினார்கள். அடித்தளத்தின் மிச்ச வித்தியாசத்துக்கு நான் சுழற்சியைக் குறை சொல்லமாட்டேன். ஒளிபுகாமை அட்டவணைகளைத்தான் பார்ப்பேன். 2015-இல் சாண்டியா ஆய்வகத்தில் ஏறக்குறைய அதே வெப்பநிலையில் இரும்பை அளந்தபோது கணிப்பைவிட 30 முதல் 400 சதவீதம் வரை அதிகம் வந்தது.

ஒலிவேகத்தில் 0.7-க்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மேடு இருக்குமே, அதையும் பாருங்கள். ஹீலியச் சரிவு மாதிரியில் அளவுக்கு மீறிச் செங்குத்தாக இருப்பதன் அடையாளம் அது. கலப்பு சரியான ஆழத்தில் இருந்தால் மேடு தணியும். அதிகமாகப் போட்டிருந்தால் அதே இடத்தில் பள்ளமாக மாறும்.

#23 · கதிரோட்டம்

பார்த்தேன். மேடு பாதியாகத் தணிந்திருக்கிறது, பள்ளம் இல்லை. அடுத்து வலையை இரட்டிப்பாக்கி, 1.5 மில்லிஹெர்ட்ஸிலிருந்து 2.2 வரை உள்ள எல் 1, 2, 3 பிளவுகளை மட்டும் தனியே கணக்கிட்டு இங்கே போடுகிறேன். 31.7-ஐக் கழித்தே போடுகிறேன், நேரே அளவீட்டோடு வைத்துப் பார்க்கலாம்.